அறிவர் கோயிலும் வரலாற்று உண்மையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், மயில்கள் உலவும் விராலிமலை அமைந்துள்ளது. அம்மலைமேல் உறையும் முருகப்பெருமானுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. மழையிலும் வெள்ளத்திலும் சிக்கித் தவித்த அடியவர் ஒருவருக்கு இறைவனே வழிப்போக்கராக வந்து துணைசெய்தார் என்றும், அவருக்குக் கொடுத்த சுருட்டு பின்னர்ச் சந்நிதியில் காணப்பட்டது என்றும், அன்றுமுதல் இவ்வழக்கம் தோன்றியது என்றும் அவ்வூரார் கூறுவர். சுருட்டுப் படைக்கப்படுகிறது என்பது எவரும் சென்று கண்டறியத்தக்க செய்தி. ஊரார் இவ்வாறு கூறுகின்றனர் என்பதும் கேட்டறியத்தக்க செய்தியே. அன்று அந்த மழையில் நிகழ்ந்தது யாது என்பதோ இவ்விரண்டினும் வேறானது. அஃது அன்பர்தம் நம்பிக்கைக்கு உரியது. வரலாறு எழுதுவோன் அங்குப் புகுந்து அளந்து பார்க்க வேண்டுவதில்லை. ஆயினும் வழக்கமும், வழக்கத்தைப் பற்றிய கதையும், நிகழ்ச்சியும் தனித்தனியானவை என்பதை மறந்துவிடலாகாது.

பிறர் கதையில் இவ்வேறுபாட்டைக் காண்பது நமக்கு எளிது. நம்மைப் பற்றிய செய்திகளில் அத்துணை எளிதன்று. தமிழ்ச் சமணர் இல்லங்களில் குழந்தைகளுக்குத் தவறாமல் சொல்லப்படும் செய்திகள் இரண்டு உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் சமணனாக இருந்த காலத்தில் சித்தன்னவாசல் குகைக்கோயிலைக் குடைவித்தான் என்பது ஒன்று. மதுரையில் ஒரே நாளில் 8,000 சமணர் கழுவேற்றப்பட்டனர் என்பது மற்றொன்று. முன்னது நமக்குப் பெருமிதம் தருவது. பின்னது நெஞ்சை வருத்துவது. இரண்டும் பாடநூல்களிலும் சுற்றுலா ஏடுகளிலும் இத்தகைய விழா மலர்களிலும் பன்முறை அச்சேறியுள்ளன. பன்முறை அச்சேறியதனாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா என்னும் வினாவை, விராலிமலையிலிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல் செல்லும் யாத்திரிகர் தம்முள் எழுப்பிக்கொள்ளலாம். அவ்வினாவுக்கு விடை சொல்லும் கல்வெட்டு ஒன்று அங்கேயே இருக்கின்றது.

சித்தன்னவாசல் மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் குடையப்பட்டுள்ளது. கருவறையும் அதன்முன் ஓர் அர்த்தமண்டபமும் பாறையைக் குடைந்து செய்தவை. அர்த்தமண்டபத்தின் இரு பக்கச் சுவர்களிலும் மாடங்கள் உள்ளன. ஒன்றில் ஐந்தலை நாகத்தின் நிழலில் பார்சுவநாதர் அமர்ந்திருக்கின்றார். மற்றொன்றில் உள்ள உருவத்தின்மேல் ஒற்றைக் குடையே காணப்படுகிறது. முக்குடை இன்மையால் அது தீர்த்தங்கரர் திருவுருவம் அன்று, ஆசாரியர் ஒருவரது உருவம் என்பது நம்மவர்க்குப் பார்த்த அளவிலேயே விளங்கும். அருகில் 'திருவாசிரியன்' என்னும் எழுத்தும் உண்டு. விதானத்தில் தாமரைப் பொய்கை. அதில் மீனும் அன்னமும் யானையும் எருமையும். மலர் கொய்யும் பவ்வியர் மூவர். சமவசரணத்தைச் சூழ்ந்த பொய்கையே இது என டி. என். இராமச்சந்திரன் விளக்கினார்.

இனி, மகேந்திரவர்மன் பெயர் இங்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைக் காண்போம். புதுக்கோட்டைச் சமத்தான வரலாற்றை 1916ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட எஸ். இராதாகிருஷ்ணையர் இக்கோயிலைக் குறித்துள்ளார். பின்னர், து. அ. கோபிநாத ராவ் வாயிலாக ஓவியங்களைப் பற்றி அறிந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1920ஆம் ஆண்டையொட்டி அவற்றை உலகுக்கு அறிவித்தார். பல்லவர் கலையில் ஆழ்ந்து தோய்ந்தவர் அவர். சதுரமும் எட்டுப்பட்டையும் மாறிவரும் இத்தூண்கள் மகேந்திரன் குடைவித்த கோயில்களின் தூண்களை ஒத்திருப்பதைக் கண்டார். மகேந்திரனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்னும் விருதுப்பெயர் உண்டு. அவன் முதலில் சமணனாக இருந்து, பின்னர் அப்பர் அடிகளால் சைவனானான் என்பது அனைவரும் ஏற்ற கூற்று. எனவே குகை சமணருடையது, தூண் மகேந்திரனுடையது, ஓவியமோ ஓவியப்புலியின் காலத்தது. மூன்று இழைகளையும் சேர்த்து முறுக்கிய கயிறு மிக உறுதியானதாகவே தோன்றிற்று. அறிஞர் உலகமும் ஏற்றது. நாமும் மகிழ்ந்து ஏற்றோம்.

அவ்விழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். தூண் அமைப்பு ஒரு காலத்தைச் சுட்டலாமேயன்றி ஓர் அரசனைச் சுட்டாது. அதே அமைப்பைப் பாண்டிய நாட்டுக் குடைவரைகளிலும் காணலாம். சித்திரகாரப்புலி என்னும் பெயர் அவன் ஓவியத்தில் வல்லவன் என்று காட்டும். இவ்வோவியத்தைத் தீட்டுவித்தவன் என்று காட்டாது. அவன் சமணனாக இருந்தான் என்னும் கூற்றின் வேர் எங்கே உள்ளது? அப்பருக்குத் துன்பம் இழைத்துப் பின் மனம் மாறிய பல்லவ மன்னன் ஒருவனைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் கூறுகின்றார். அம்மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணதரவீச்சரம் எடுப்பித்தான் என்பது அக்கதை. 'குணபரன்' என்பது மகேந்திரனின் பெயர்களுள் ஒன்று. ஆகவே அம்மன்னன் இவனே என்று கொண்டனர். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக் குடைவரையில் மகேந்திரன் பொறித்த வடமொழிச் சுலோகம் ஒன்று, மாற்று நெறியிலிருந்து திரும்புதலைச் சுட்டுவதாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அது வலிமை உள்ள சான்றே. எனினும் அந்த மாற்று நெறி எது என்று அக்கல்வெட்டு பெயர் சுட்டவில்லை. ஐந்து நூற்றாண்டுகள் பிற்பட்ட புராணமும், பெயர் சுட்டாத சுலோகமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இவ்விடத்தில் நம் மாவட்டத்து அன்பர்கள் நன்கறிந்த ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். தளவானூர், சீயமங்கலம், மாமண்டூர் ஆகிய ஊர்களில் மகேந்திரன் குடைவித்த கோயில்கள் உள்ளன. (சீயமங்கலத்துக் குன்றில் பார்சுவநாதரும் பாகுபலியும் செதுக்கப்பட்டிருப்பதால் நம்மவர் அங்குச் செல்வதும் உண்டு.) அவன் தன் பெயரையும் விருதுப்பெயர்களையும் கல்லில் பொறிப்பதில் தயங்கியவன் அல்லன். செங்கலும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் எடுத்ததை மண்டகப்பட்டில் அவனே எழுதி வைத்தான். அத்தகையவன் சித்தன்னவாசலில் ஓர் எழுத்தையும் விட்டுச் செல்லவில்லை. இன்மை ஒன்றையே கொண்டு எதையும் முடிவு செய்தல் ஆகாதுதான். ஆனால் எங்கும் கையொப்பமிடும் ஒருவரின் கையொப்பம் ஓரிடத்தில் இல்லாமற்போவது கவனத்துக்குரியது.

முடிவு சொன்னது பாறை. கோயில் முகப்பை ஒட்டிய பாறையில் 17 வரிகளில் செய்யுள் நடையில் அமைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. சிதைவு மிகுந்த எழுத்துகள். அதனைக் கருத்தூன்றிப் படித்தபோது தெளிவான பெயர்கள் வெளிப்பட்டன. அரசன் அவனிபசேகரன் எனப்பட்ட சீவல்லபன், அதாவது கி.பி. 815 முதல் 862 வரை ஆண்டவனாகக் கொள்ளப்படும் பாண்டியன் சீமாறன் சீவல்லபன். பணி செய்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். ஊர் அண்ணல்வாயில். கோயில் அறிவர் கோயில். செய்த பணி, உள்மண்டபத்தைப் புதுக்கியதும் முன்மண்டபத்தைக் கல்லால் எடுப்பித்ததும். மகேந்திரன் மறைந்து 200 ஆண்டுகளுக்குப் பின்னர் வேறு குலத்து அரசனின் ஆட்சியில் நிகழ்ந்த திருப்பணி இது. இன்று நாம் காணும் ஓவியங்களைப் பெரும்பாலான ஆய்வாளர் இத்திருப்பணியோடு இணைத்து 9ஆம் நூற்றாண்டினவாகக் கொள்கின்றனர்.

கல்வெட்டு சொன்னதை மட்டுமன்றிச் சொல்லாததையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'புதுக்குதல்' என்றால் முன்பே ஒரு கோயில் இருந்தது என்பது பொருள். கருவறை விதானத்தில் பழைய ஓவிய அடுக்கு ஒன்றும் அறியப்பட்டுள்ளது. முதலில் குடைவித்தவர் யார் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. அவர் 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியருள் ஒருவர் என்பார் உண்டு. மகேந்திரனே என்று இன்றும் கூறுவாரும் உண்டு. அவை கருத்துகள். இளங்கௌதமன் புதுக்கினார் என்பது செய்தி. இரண்டையும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியுடன் அச்சிடுவதே நம் பிழை.

முன்முடிவு கண்ணை எவ்வளவு ஆளும் என்பதற்குத் தூணில் உள்ள அரச உருவமே போதும். மகுடம் அணிந்த ஆடவனும் அவன் பின்னே ஒரு பெண்ணும் அதில் தீட்டப்பட்டுள்ளனர். மகேந்திரன் கோயில் என்று நம்பியவர் கண்ணுக்கு அது மகேந்திரனும் அவன் தேவியும். சைவச் சிற்ப மரபில் பழகிய கண்ணுக்கு அது அர்த்தநாரீசுவரராகவும் தோன்றிற்று. தீர்த்தங்கரர் கோயிலில் அவ்வுருவம் ஏன் என்ற ஐயம் அப்போது எழவில்லை போலும்! கல்வெட்டைப் படித்தபின் அதே முகம் சீமாறன் சீவல்லபனாயிற்று. வண்ணமும் கோடும் மாறவில்லை. பெயரிடப்படாத உருவம் ஆதலின், மூன்றாவது அடையாளமும் பொருத்தமான ஊகமே என்று எழுதுவதுதான் முறை.

இன்னுமொன்று. கோயிலின் முன்னே இன்று நிற்கும் தூண் வரிசையைப் படம் எடுத்து 'இளங்கௌதமன் கட்டிய முகமண்டபம்' என்று எழுதுவோர் உளர். இளங்கௌதமனின் மண்டபம் என்றோ சரிந்துவிட்டது. இப்போதுள்ள தூண்கள் குடுமியான்மலையில் சிதைந்து கிடந்த மண்டபம் ஒன்றிலிருந்து கொணர்ந்து, புதுக்கோட்டைச் சமத்தான ஆட்சியில் நிறுத்தப்பட்டவை. சமத்தானத்து நிருவாகியாக இருந்த டாட்டன்ஹாமின் முயற்சி அது. ஓவியம் வெயிலிலிருந்து காக்கப்பட்டமைக்கு அவருக்கு நன்றி; ஆயினும் கண்ணால் கண்டது என்பதும் எப்போது, எவர் வைத்தது என்று கேட்ட பின்னரே சான்றாகும்.

அதே குடுமியான்மலையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு உள்ளது. அதனையும் நெடுங்காலம் மகேந்திரனுக்கே உரிமையாக்கினர். உருத்திராசாரியரின் மாணாக்கனான, மகேசுவரனிடம் பேரன்பு பூண்ட அரசன் ஒருவன் இதனை அமைத்தான் என்பதே கல்வெட்டில் உள்ள செய்தி. அரசன் பெயர் அதில் இல்லை. புகழ்மிக்க பெயர் ஒன்று இருந்தால் உரிமையற்ற பொருள்களெல்லாம் அதனிடமே சென்று சேரும் போலும்.

இத்தகைய ஆராய்ச்சி நம் ஆசாரியர்களுக்குப் புதிதன்று. அறிவு பெறும் வாயில்களைப் பிரத்தியட்சம், பரோட்சம் எனப் பகுத்து, பரோட்சத்துள் நினைவு, மீளறிதல், தருக்கம், அனுமானம், ஆகமம் என்பவற்றைத் தனித்தனியே வைத்து ஆராய்ந்த மரபு அகளங்கருடையதும் மாணிக்கியநந்தியுடையதும். நினைவிலிருந்து வந்ததை அனுமானம் என்றோ, அனுமானித்ததைக் கண்டது என்றோ அவர்கள் மயங்கவில்லை. சியாத்வாதத்தை மேற்கோள் காட்டி 'எல்லாக் கருத்தும் ஓரளவு உண்மையே' என்று சிலர் மேடைகளில் முழங்குவது நம் தத்துவத்துக்குச் செய்யும் தீங்காகும். எந்த நோக்கில், எந்த எல்லைக்குள் ஒரு கூற்று செல்லும் என்று வரையறுத்துச் சொல்வதே சியாத்வாதம். நீலகேசி பிற சமய வாதங்களை எதிர்கொள்ளும்போது, கூற்றை எடுத்துரைத்து அதன் காரணத்தைக் கேட்கும் நெறியையே காண்கிறோம்.

பெருமிதம் தந்த செய்தியை இவ்வாறு அளந்தபின், துயரம் தந்த செய்தியையும் அதே கோலால் அளத்தல் வேண்டும். மதுரைக் கழுவேற்றத்தின் விரிவான கதை நமக்குச் சேக்கிழாரிடமிருந்து கிடைக்கின்றது. அவருக்கு முன் நம்பியாண்டார் நம்பியின் பாடல்களில் அதன் குறிப்பு உண்டு. கதையின் நாயகரான சம்பந்தரோ 7ஆம் நூற்றாண்டினர். அவர்தம் பதிகங்களில் பத்தாம் பாட்டில் அமணரையும் பௌத்தரையும் பழிப்பது வழக்கமாக வருகிறது, கழுவேற்றம் வரவில்லை. தம் காலத்தில் தம் பொருட்டே நிகழ்ந்த மாபெரும் நிகழ்ச்சியை அவர் பாடாது விட்டிருப்பாரா என்று ஆய்வாளர் கேட்பது முறையான கேள்வியே. அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் இதனைக் கூறவில்லை. நீலகண்ட சாத்திரியார் இதனை வரலாறாகக் கொள்ள இயலாத கதை என்று ஒதுக்கினார். மயிலை சீனி. வேங்கடசாமி, 'சமணமும் தமிழும்' என்னும் அரிய நூலில், சமணர் கழுவேற்றப்பட்டதையும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதையும் நிகழ்ந்தனவாகவே கொண்டார். திருவோத்தூர்க் கோயிற் சிற்பங்களையும் காட்டினார்.

சிற்பங்கள் உண்டு. மதுரைப் பொற்றாமரைக் குளத்து மண்டபச் சுவரில் ஓவியமும் இருந்தது. திருவிழாவில் அந்நிகழ்ச்சி நடித்துக் காட்டப்பட்டதும் உண்டு. இவை யாவும் புராணம் பரவிய பின்னர் எழுந்தவை. ஓர் ஊற்றிலிருந்து பிரிந்த கால்வாய் பத்தாயினும், ஊற்று ஒன்றே. விராலிமலையில் நாம் கண்ட வேறுபாடு இங்கும் உதவுகிறது: விழா நடந்தது என்பது விழாவுக்கே சான்று.

8,000 என்னும் எண்ணையும் சற்று நோக்குவோம். மதுரையைச் சூழ்ந்த எண்பெருங்குன்றங்கள், குன்றுக்கு ஆயிரவர் என்பது கதையின் கணக்கு. நம் நாலடியார் தோன்றிய கதை என்ன? பாண்டியனிடம் சொல்லாமல் பிரிந்த 8,000 முனிவர் ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்தனர். வையையில் எறியப்பட்டவற்றுள் 400 ஏடுகள் எதிரேறி வந்தன. இக்கதையில் அதே எண் நமக்கு இனிக்கின்றது. விழுப்புரம் அருகே எண்ணாயிரம் என்று ஓர் ஊரும் உண்டு. பெருந்தொகையினரைக் குறிக்க மரபில் நின்ற ஓர் எண் என்று இதனைக் கொள்வதே பொருத்தம். தலை எண்ணிக் கணக்கெடுத்த எவரும் இல்லை.

இனிச் சித்தன்னவாசல் கல்வெட்டை மீண்டும் நோக்குக. இளங்கௌதமன் யார்? மதுரை ஆசிரியன். மதுரையில் சமணம் அடியோடு அழிந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், மதுரையின் பெயரைத் தன் பெயரோடு தாங்கிய சமணப் பெரியார் ஒருவர், பாண்டிய மன்னனைப் போற்றி, பெரும்பொருள் கொண்டு திருப்பணி செய்கின்றார். அதே காலப்பகுதியில் அச்சணந்தி என்னும் முனிவர் பெயர் ஆனைமலையிலும் அழகர்மலையிலும் உத்தமபாளையத்திலும் பொறிக்கப்படுகின்றது. கழுகுமலையில் நூற்றுக்கு மேற்பட்ட திருவுருவங்கள் செதுக்கப்படுகின்றன. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கர் பெயர்கள் வருகின்றன. மகேந்திரனை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட அக்கல்வெட்டே, அழிந்தது என்று எண்ணிய மதுரைச் சமணத்தை நமக்குத் திருப்பித் தருகின்றது. பரிமாற்றத்தில் நமக்கு இழப்பு இல்லை என்பேன்.

இவ்விடத்தில் மூத்தோர் சிலர் மனம் வருந்தக்கூடும். 'கழுவேற்றம் நிகழவில்லை என்று நாமே எழுதினால், நம் முன்னோர் பட்ட துன்பத்தை மறைத்ததாகாதா?' என்று அவர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. ஒன்று நிறுவப்படவில்லை என்பதும் நிகழவே இல்லை என்பதும் ஒன்றாகா. சமயப் பகை இருந்தது. அதற்குத் தேவாரப் பாடல்களே அக்காலத்துச் சான்று. பள்ளிகள் கைம்மாறின, தீர்த்தங்கரர் உருவங்கள் வேறு பெயரில் வழிபடப்படுவதையும், கண்மாய்க் கரையில் தலையின்றிக் கிடப்பதையும் புதுக்கோட்டைப் பகுதியில் நாம் நேரிற் காண்கிறோம். செட்டிபட்டியின் சமணர் குண்டில் ஒரு பெரும்பள்ளி இடிபாடாய்க் கிடந்தது. அத்துன்பத்தைச் சொல்ல இவை போதும். உறுதியான சான்றுகளின் வரிசையில் உறுதியற்ற ஓர் எண்ணை முன்னே நிறுத்தினால், அதனை மறுப்பவர் மற்றவற்றையும் உடன் தள்ளிவிடுவர். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் விவாதங்களில் இதனை எதிர்கொள்கின்றனர்.

நார்த்தாமலைப் பக்கம் ஆளுருட்டிமலை என்று ஒரு குன்று உண்டு. இயற்கைக் குகைத்தளமும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அங்குள்ளன. மேலிருந்து ஆட்களை உருட்டியதால் அப்பெயர் என்பர். உருட்டப்பட்டவர் சமணர் என்றும் சொல்வர். பெயரைக் கேட்டுக் கதை பிறந்ததா, நிகழ்ச்சியால் பெயர் பிறந்ததா என்பதைப் பெயரே சொல்ல மாட்டாது. அங்குச் செல்லும் நம் குழுக்கள் முதலில் இக்கதையைக் கேட்டுக் கலங்கி, பாறையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை அவசரமாக வணங்கித் திரும்புகின்றன. எனக்கு அது வருத்தமே.

சித்தன்னவாசல் மலையின் கிழக்குப் புறத்தில், ஏழு படிக்குழிகளில் கால்வைத்து அடையவேண்டிய ஏழடிப்பட்டம் உள்ளது. வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகள். அவற்றுள் பெரியதன் அருகே, கிறித்துவுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமி எழுத்தில், குமுழூரிற் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளையர் செய்தளித்த இருக்கை என்னும் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அதில் வரும் நாட்டின் பெயரை முதலில் படித்தவர் ஒருவாறும், பின்வந்தவர் 'எருமிநாடு' என வேறொருவாறும் படித்தனர். எழுத்தின் ஒரு சிறு கோட்டில் நாடே மாறிற்று. ஆயினும் குமுழூரிலும் காவுடியிலும் இளையரிலும் மாற்றம் இல்லை. பிற படுக்கைகளில், பல நூற்றாண்டு பிற்பட்ட எழுத்தில், திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன் என்னும் தவத்தோர் பெயர்கள் உள்ளன.

யாத்திரை செல்வோர் காலை இளவெயிலில் முதலில் ஏழடிப்பட்டம் ஏறுதல் நலம். உச்சிப்பொழுதில் பாறை சுடும், கம்பிப் பிடியும் சுடும். அறிவர் கோயிலுக்கு வந்ததும், ஓவியத்தை அண்ணாந்து நோக்குமுன், முகப்பை ஒட்டிய பாறையில் உள்ள 17 வரிகளைத் தேடிக் காணுமாறு வேண்டுகிறேன். கையால் தடவாதீர்கள், தேய்ந்த எழுத்துகள். சாய்ந்த ஒளி விழும் மாலையில் சில சொற்கள் கண்ணுக்குப் புலப்படும்.